புதுப்பிப்பு: தம்பியின் வீட்டுக் கடன் தவணை

தம்பிக்குச் சம்பளம் பாதியாகிவிட்டது, வீட்டுக் கடனில் இரண்டு தவணை நின்றுவிட்டது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்காதே என்று சிலர் சொன்னீர்கள். அந்த யோசனையை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. தவணை பாக்கி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அப்புறம், அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி, பாக்கியைக் கட்டச் சொல்லி 60 நாள் நோட்டீஸ் வரும். அந்த நிலை வருவதற்குள் சம்பளச் சீட்டை இணைத்துக் கிளை மேலாளரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். கடன் காலத்தை நீட்டித்து மாதத் தவணையைக் குறைத்திருக்கிறார்கள். மொத்த வட்டி கூடத்தான் செய்யும், சரி. மாறும் வட்டிக் கடன் என்பதால், பின்னால் கையில் பணம் சேர்ந்தால் அபராதமில்லாமல் முன்கூட்டியே கட்டலாம். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில், இது மறுசீரமைத்த கடன் என்று பதிவாகும். அதை நாங்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்! நகையை அடகு வைத்துத் தவணை கட்டும் யோசனையை அம்மா இன்னும் விடவில்லை.