ஜெமினிட்ஸை ஃபிலிமில் எடுக்க என்ன செட்டிங்?

பாயான்_லெப்பாஸ்:
வணக்கம் அண்ணே. டிசம்பர் 13 ராத்திரி பினாங்குல பாலிக் புலாவ் பக்கம் போய் ஜெமினிட்ஸ் விண்கல் மழையை எடுக்கணும். அப்பாவோட நிக்கான் எஃப்எம்2, 50 எம்எம் எஃப் 1.8, 28 எம்எம் எஃப் 2.8, ரெண்டு ரோல் இல்ஃபோர்ட் எச்பி5 கருப்பு வெள்ளை ஃபிலிம் இருக்கு. போன வருஷம் 28-ஐ எஃப் 8-ல வச்சு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அரை மணி நேரம் திறந்து வச்சேன். கண்ணு முன்னால ஏழெட்டு விழுந்துச்சு, நெகட்டிவ்ல ஒண்ணுகூட இல்ல. இன்னும் கூடுதல் நேரம் கொடுக்கணுமா?

பழைய_ரோல்:
நேரத்தைக் கூட்டிப் பயனில்ல தம்பி. கல்லு ஓடி மறைய ஒரு வினாடிகூட ஆகாது. அரை நிமிஷம் திறந்தாலும் அரை மணி திறந்தாலும் அதுக்குக் கிடைக்கிற ஒளி அதேதான். வான வெளிச்சம்தான் ஏறிக்கிட்டே போகும். உங்களைக் கெடுத்தது அந்த எஃப் 8. எஃப் எண் கூடக் கூட லென்ஸ் திறப்பு சின்னதாயிடும்.

50-ஐ மாட்டி 1.8-லேயே முழுசாத் திறங்க. ஓடுற ஒளிக்குக் கணக்கு வேற: லென்ஸ் திறப்போட விட்டத்தை வர்க்கமாக்கி ஃபோக்கல் நீளத்தால வகுங்க. 50-க்கு ஏறத்தாழ 15 வரும், 28-ஐ 2.8-ல முழுசாத் திறந்தாலும் மூணரைதான். நாலு மடங்குக்கு மேல! வானம் கொஞ்சமாத்தான் அடங்கும், ஆனா மங்கலான கல்லும் பதியும். ஓரத்து நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைச்ச மாதிரி இருக்கும், பரவாயில்ல.

நீண்ட எக்ஸ்போஷர்ல எச்பி5 சோர்ந்துடும், அதாவது ஒளியைப் பதிக்கிற வேகம் குறைஞ்சிடும்னு பயப்படுவாங்க. இங்க அது நமக்குச் சாதகம். மெதுவா சேருற வான வெளிச்சத்துக்குத்தான் அந்தச் சோர்வு, பளிச்சுனு ஓடுற கல்லுக்கு இல்ல. முந்தின ராத்திரியே அதே இடத்துல 2, 5, 10 நிமிஷம்னு மூணு ஃப்ரேம் எடுத்துக் கழுவிப் பாருங்க. 5 நிமிஷம் சரியா வந்தா 36 ஃப்ரேமுக்கு மூணு மணி நேரம்.

இந்தக் கல்லுங்க எல்லாம் புனர்பூச நட்சத்திரத்துப் பக்கமிருந்து கிளம்புற மாதிரி தெரியும். அது ஒன்பது மணி வாக்குல எழும், விடிகாலை மூணு மணிக்கு வடக்கே உச்சத்துல நிக்கும். அதையே குறி வைக்காதீங்க, அங்க கோடு குட்டையா விழும். கிழக்கே மலைக்குப் பின்னால ஜார்ஜ்டவுன் வெளிச்சம். கடல் பக்கம், மேற்கே திருப்புங்க.

கடல்_காத்து:
தம்பி, ரோலோட முதல் ஃப்ரேமைப் பகல்லயே வீட்டு வாசல்ல எடுத்திடுங்க. எங்க ஃப்ரேம் ஆரம்பிக்குதுன்னு கழுவுறவங்களுக்குத் தெரியணும். எனக்கு ஒரு கடையில நெகட்டிவ்வை இடம் தப்பி வெட்டி, ஒரே நல்ல கோடு ரெண்டு துண்டாத்தான் வந்துச்சு. இப்ப வரைக்கும் மனசு ஆறல. இனி வெட்டாம சுருளாவே கேட்டு வாங்குங்க. அப்புறம், பனி. பன்னிரண்டு மணிக்கு மேல கண்ணாடி வேர்க்கும், கை சூடேத்துற பாக்கெட்டை ரப்பர் பேண்டால லென்ஸைச் சுத்திக் கட்டுங்க.

பாயான்_லெப்பாஸ்:
நன்றி அண்ணே, அக்கா. 12-ஆம் தேதியே போய் அந்த மூணு ஃப்ரேமை எடுத்துடறேன். வீட்லயே கழுவிடுவேன்.