கதை வாசித்து என்ன கிடைக்கிறது? (கேலிக்குக் கேட்கவில்லை)

ஐந்தொகை எழுதியது:

வணக்கம். எனக்குக் கணக்குத் தணிக்கை வேலை, வயது 43. வருஷத்துக்கு இருபது புத்தகமாவது வாசித்துவிடுவேன். வரலாறு, பொருளாதாரம், வாழ்க்கை வரலாறு, இந்த வகைதான். ஒவ்வொன்றையும் முடித்ததும் நோட்டில் தலைப்பை எழுதி, அதன் கீழே தெரிந்துகொண்ட ஐந்து விஷயங்களைக் குறித்து வைப்பது 12 வருஷப் பழக்கம். கதைப் புத்தகம் பக்கம் போனதே இல்லை. யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டியதை நான் எதற்கு மெனக்கெட்டு வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

போன மாதம் மனைவி ஒரு நாவலைக் கையில் திணித்தாள். "இதை ஒண்ணை வாசிங்க, அப்புறம் பேசுங்க" என்றாள். முந்நூறு சொச்சம் பக்கம். அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. முடித்துவிட்டு நோட்டில் தலைப்பை எழுதினேன். கீழே 1 என்று போட்டேன். அதோடு நின்றது. மூன்று வாரமாக அந்தப் பக்கம் அப்படியே கிடக்கிறது.

ஆனால் ஒரு இடம் மட்டும் விட மாட்டேன் என்கிறது. அண்ணன் கடன் கேட்கத் தம்பி வீட்டுக்கு வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக, சுவரை ஒட்டி வைக்கிறார். உட்காருகிறார். தம்பி மகனின் படிப்பை விசாரிக்கிறார். தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். எழுந்து போய்விடுகிறார். கேட்கவே இல்லை. எதற்கு வந்தார் என்று தம்பிக்கும் தெரியும். அவனும் வாயைத் திறக்கவில்லை. இது எந்தக் கணக்கில் வரும்?

கூடவே இன்னொன்று. 15 வயது மகள் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் பேய்க்கதையாக வாசித்துத் தள்ளுகிறாள். அதையும் வாசிப்பு என்று விட்டுவிடலாமா?

அணில் எழுதியது:

சார், இதுக்கு அறிவியல் ஆதாரமே இருக்கு! இலக்கியத் தரமான கதை வாசிச்சா அடுத்தவங்க மனசைப் புரிஞ்சுக்கிற திறன் கூடுதுன்னு 2013ல 'சயன்ஸ்' இதழ்ல ஆய்வு வந்துச்சு. அஞ்சு சோதனை பண்ணியிருக்காங்க. பொழுதுபோக்குக் கதைக்கு அந்தப் பலன் இல்லையாம். நோட்ல இதையே முதல் பாயிண்டா போட்டுடுங்க.

கறார்காரன் எழுதியது:

"இட்டுக்கட்டியது" என்ற புகாருக்குப் பதில் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் சேர்ந்துதான் பாடலுக்குரிய நெறி என்கிறார். நடப்பது பாதி, புனைவது பாதி. அதைவிட முக்கியம், அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்ற விதி. பெயர் வைத்தால் அது இன்னாருடைய சமாச்சாரம் ஆகிவிடும். பெயர் இல்லாவிட்டால் வாசிக்கிற எவனும் போய் அந்த இடத்தில் நிற்கலாம். நீங்கள் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் மூன்று வாரமாக நிற்பதும் இப்படித்தான்.

பேய்க்கதை, மர்மக்கதை எல்லாம் வேறு. ஒரே அச்சில் வார்த்தவை. நூறு வாசித்தாலும் ஒன்றை நூறு முறை வாசித்த மாதிரி. மகளிடம் நல்ல புத்தகமாகக் கொடுங்கள்.

பின்னட்டை எழுதியது:

அணில் தம்பி, அந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் வாதத்துக்குப் போய்விடாதே. கிட், கஸ்டானோ என்ற இருவர் செய்தது. சிறிய கதைத் துண்டு ஒன்றை வாசிக்கக் கொடுத்து, கையோடு முகத்தில் கண் பகுதி மட்டும் தெரிகிற 36 படங்களைக் காட்டி, இவர் மனநிலைக்கு நாலு சொல்லில் எது பொருந்தும் என்று கேட்டார்கள். பிறகு ஒரு பெரிய குழு, 2010 முதல் 2015 வரை 'நேச்சர்', 'சயன்ஸ்' இரண்டிலும் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்து 2018இல் முடிவைச் சொன்னது. 13 தேறின. இது தேறவில்லை. காலங்காலமாகக் கதை வாசிப்பவர்கள் அந்தக் கண் சோதனையில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பது உண்டு. ஆனால் வாசித்து அப்படி ஆனார்களா, அப்படிப்பட்டவர்கள்தான் கதைப் பக்கம் வருகிறார்களா என்று யார் பிரிப்பது? ரெண்டு பக்கம் வாசித்த கையோடு மனுஷன் திருந்திவிடுவான் என்றால் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிற நான் இந்நேரம் மகான் ஆகியிருக்க வேண்டும். என்னோடு வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தொகை சார், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கண்புரை முற்றிப்போய் எழுத்து தெரியாமல் போன ஏழெட்டு மாதம், தினமும் ராத்திரி நான்தான் வாசித்துக் காட்டினேன். அம்மா கணக்கு டீச்சராக இருந்தவர். துப்பறியும் கதைதான் வேண்டும். சந்தேகப்படுகிற ஆளுக்கெல்லாம் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொள்வார். ஒருத்தன் மேல் சந்தேகம் விலகினால் அந்த விரல் நிமிரும். கடைசி அத்தியாயம் வரும்போது ஒரே ஒரு விரல் மடங்கியிருக்கும், பத்துக்கு ஏழு தடவை சரியாகவும் இருக்கும். "கொலைகாரன் ஆரம்பத்துலயே வந்துட்டுப் போயிருப்பான்டி. நாமதான் கவனிச்சிருக்க மாட்டோம்" என்பார்.

இதை ஒருவர் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ரொனால்டு நாக்ஸ், பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதியவர். 1929இல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதி போட்டார். முதல் விதி: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், ஆனால் அவன் மனசுக்குள் ஓடுவதை வாசகருக்குக் காட்டியிருக்கக் கூடாது. அம்மா முதல் பாதியைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார். எனக்கு உறைத்தது இரண்டாம் பாதி. இந்த ஆட்டம் நடக்க வேண்டுமானால் ஒரு மனசு பூட்டியே இருக்க வேண்டும்.

வீட்டில் இருந்த துப்பறியும் கதை எல்லாம் தீர்ந்து போன ஒரு ராத்திரி, இதுவும் கொலைக்கதைதானே என்று தஸ்தயேவ்ஸ்கி என்ற ரஷ்யர் எழுதிய 'குற்றமும் தண்டனையும்' நாவலை எடுத்தேன். ஆறு பாகம், கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு வந்ததே கோபம். "யாரு கொன்னான்னு இப்பவே சொல்லிட்டான். மிச்சத்துக்கு என்ன பண்ணப் போறான்?" மடக்க விரலே இல்லை. ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். விட்டுவிடலாமா என்றால் அதுவும் வேண்டாம், வாசி என்றார்.

விசாரணை அதிகாரி, கொலை செய்த அந்தப் பையனிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிற இடம் வந்தது. நான் வாசித்துக்கொண்டே போகிறேன். அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, "ஐயோ, அதைச் சொல்லாதடா" என்றார். அவனிடம்தான். கொஞ்ச நேரம் கழித்து அவரே என்னை நிறுத்தச் சொன்னார். "ரெண்டு பொம்பளைங்களை வெட்டிப் போட்டவன். அவன் மாட்டிக்கக் கூடாதுன்னு நான் ஏன்டி பதறுறேன்?" நிஜமாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்டார். நான் என்ன சொல்ல? விளக்கை அணைத்த பிறகும் தூங்கவில்லை, இருமிக்கொண்டே இருந்தார்.

பூட்டியிருந்த அந்த மனசுக்குள் தஸ்தயேவ்ஸ்கி நம்மை உட்கார வைத்துவிடுகிறார், அவ்வளவுதான். நாக்ஸின் விதி வருவதற்கு அறுபது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே. கறார்காரன் அண்ணனுக்கு ஒரு தகவல்: அந்த நாவலும் 1866இல் மாத இதழில் தொடராக வந்ததுதான். அடுத்த இதழ் எப்போது வரும் என்று அப்போதும் ஜனங்கள் காத்துக்கிடந்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று, கண் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அம்மா என்ன கேட்டார் தெரியுமா? "இன்னிக்கு அவன் வேணாம். சட்டுனு ஓடுற கதை ஏதாவது வாசி." ஏற்கெனவே வாசித்த துப்பறியும் கதையையே திரும்ப எடுத்தேன். முடிவு தெரிந்தும் விரலை மடக்கிக்கொண்டு கேட்டார். பயத்தில் இருக்கிற ஆளுக்கு, கடைசிப் பக்கத்தில் எல்லாம் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்ற உத்தரவாதம் சின்ன விஷயமா? அந்த ராத்திரிக்கு ரஷ்ய நாவல் உதவியிருக்காது. அதனால் ஒன்றை ஏணியின் கீழ்ப்படி, இன்னொன்றை மேல்படி என்று பேசுகிறபோது எனக்கு ஒப்பவில்லை. அச்சில் வார்த்த கதைகளில் பெரும்பகுதி குப்பை, ஒத்துக்கொள்கிறேன். திருத்துகிறவளுக்குத் தெரியாதா? இலக்கியம் என்று வருவதிலும் குப்பைக்குப் பஞ்சமில்லை, அது கொஞ்சம் மெதுவாக நாறும்.

மகளை விட்டுவிடுங்கள் சார். போர்வைக்குள் அவள் பயப்படுவதும், நாளைக்கு வகுப்பில் பயப்படப் போவதும் ஒன்றில்லை. அங்கே புத்தகத்தை மூடிவிட முடியாது. நல்ல விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், கண்ணாவது தப்பும்.

ஆபரேஷன் நன்றாக முடிந்து அம்மா இப்போது தானே வாசிக்கிறார். என்னை முந்திக்கொண்டு முடிவைச் சொல்லிவிடுவதுதான் தொந்தரவு.

கறார்காரன் எழுதியது:

தொடராக வந்தது தெரியும். தொடராக வந்த எல்லாமே அது ஆகிவிடாது. மற்றபடி அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. முழுதும் முடித்தாரா?

பின்னட்டை எழுதியது:

முடித்தார். கடைசிப் பகுதி பிடிக்கவில்லையாம். "டீச்சர் மாதிரி பேசுறான்" என்றார். யார் யாரைச் சொல்வது பாருங்கள்.

ஐந்தொகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பின்னட்டை அக்கா, உங்கள் பதிலை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னா ஏறாது" என்று மட்டும் சொன்னாள். மகளுக்கு விளக்கு வாங்கியாயிற்று. போர்வையை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள், விளக்கும் உள்ளே போய்விட்டது.

நோட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் ஒரு விஷயம் நடந்தது, சொல்லியே ஆக வேண்டும். முதல் பாயிண்டாக, அண்ணன் கேட்க வந்த தொகையையாவது குறித்து வைப்போம் என்று அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்தேன். தொகை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பக்கத்தைச் சரிபார்க்கத்தான் போனேன், தொழில் புத்தி. இல்லை. முன்னால் பின்னால் இருபது பக்கம் வரிவரியாகப் பார்த்தேன். அவர் எவ்வளவு கேட்க வந்தார் என்று எழுத்தாளர் எங்குமே சொல்லவில்லை.

அணில் எழுதியது:

அப்ப உங்களுக்கு ஞாபகம் இருந்த தொகை எவ்வளவு சார்?

ஐந்தொகை எழுதியது:

அதைச் சொல்ல மாட்டேன் தம்பி.