கடினமான ஆங்கிலச் சொற்களைப் படித்த காலத்தில் நடந்தது: உங்கள் அனுபவம்?

தேனிப்பெண்:
பிளஸ் ஒன் காலாண்டு, ஆங்கிலம் இரண்டாம் தாள் (அப்போது இரண்டு தாள்). பத்தி எழுதும் கேள்வியில், அம்மாவுக்கு ஆட்டை விற்க மனமில்லை என்பதற்கு 'ரெலக்டன்ட்' போட்டிருந்தேன். கிளை நூலகத்தில் இந்து பேப்பர் படித்து நோட்டில் குறித்து வைத்த சொல். சார் அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, விடைத்தாளை வகுப்பு முழுக்கத் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "யாரைப் பார்த்து எழுதின?" என்றார். எனக்கு முன்னால் இருந்தவளுக்கும் தெரியாது, பின்னால் இருந்தவளுக்கும் தெரியாது, பிறகு யாரைப் பார்த்து எழுதுவது? அர்த்தம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவே இல்லை. தமிழ் மீடியம் பிள்ளைக்கு அந்தச் சொல் வராது என்று முடிவு செய்துவிட்டார். இன்னும் ஆறவில்லை.

சேலத்து வாத்தியார்:
அவர் கேட்ட விதம் தவறு. ஆனால் நோட்ஸை அப்படியே ஒப்பித்து எழுதும் அறுபது தாளைத் திருத்துபவருக்குச் சந்தேகம் வருவது இயல்புதான் அம்மா. நான் அப்படிப்பட்ட பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, அதே சொல்லை வைத்து வேறொரு வாக்கியம் சொல்லச் சொல்வேன். ஒரு பையன் அப்படி நின்ற இடத்திலேயே மூன்று வாக்கியம் சொன்னான். முழு மார்க் போட்டேன்.

ஜிஆர்இ 2012:
சார், சந்தேகம் இயல்பு என்கிறீர்கள், வகுப்பு முன்னால் தூக்கிப் பிடித்தது இயல்பா?
என் கதை கோச்சிங் சென்டரில். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் படித்தேன். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை 2011 ஆகஸ்டிலேயே அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே அதற்குப் பிறகும் பழைய பட்டியலைத்தான் ஒப்பிக்க வைத்தார்கள். அந்தப் பட்டியலில் 'ஃப்ரூகல்', 'பார்சிமோனியஸ்' இரண்டுக்கும் 'சிக்கனமான' என்று ஒரே அர்த்தம். மாதிரித் தேர்வில் ஒரு வாக்கியம், கீழே ஆறு சொல். அதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த இரண்டில் எதைப் போட்டாலும் வாக்கியத்தின் பொருள் ஒன்றாக வர வேண்டும், ஒன்று தவறினாலும் மார்க் கிடையாது. 'ஃப்ரூகல்' பெரும்பாலும் பாராட்டாக வரும், 'பார்சிமோனியஸ்' என்பதில் கஞ்சத்தனம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை யாரும் சொல்லித்தரவில்லை. ஆறு சொல்லும் தெரிந்திருந்தும் திரையில் நேரம் ஓடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிய ஃபீஸ் அப்பாவின் பிஎஃப் பணம்.

கோவை மெக்கானிக்கல்:
கேம்பஸ் இன்டர்வியூ, குரூப் டிஸ்கஷன். என் நண்பன் epitome (சிறந்த எடுத்துக்காட்டு) என்ற சொல்லை 'எபிடோம்' என்றான். எதிரே ஒருத்தர் சிரித்தபடி "எபிட்டமி" என்று சரியான உச்சரிப்பைச் சொன்னார். அதன் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. கண்ணால் மட்டும் படித்தவனுக்கு அது எப்படித் தெரியும்?
இப்போது படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு சொல்லையும் அகராதிச் செயலியில் காதால் கேட்டு, உரக்கச் சொல்லிப் பழகுங்கள். சொல்லை ஓர் அட்டையில் எழுதி, அதன் பின்பக்கம் தமிழ் அர்த்தத்தை மட்டும் எழுதாதீர்கள், அந்தச் சொல் கண்ணில் பட்ட வாக்கியத்தையும் அப்படியே எழுதுங்கள். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் சொன்ன பெட்டி முறை இருக்கிறதே, அதுதான் சிறந்தது. ஐந்து அறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், அடுத்தடுத்த அறைகளை இன்னும் இடைவெளி விட்டு. பெட்டி வேண்டாம் என்றால் ஆன்கி செயலி இடைவெளியைத் தானே கணக்குப் போடும். அப்புறம் வேர்ச்சொல். 'பெனி' என்றால் நல்லது, 'மால்' என்றால் கெட்டது. இந்த இரண்டு தெரிந்தாலே ஒரு கூட்டம் சொல் பிடிபடும். தினம் பத்துக்கு மேல் புதிதாக ஏற்றாதீர்கள், பழையது வழுக்கிவிடும்.

தேனிப்பெண்:
கோவை, பெட்டி முறை நல்லதுதான், நான் கேட்டது அதுவல்ல. சேலத்து சார், தனியாகக் கூப்பிட்டு வாக்கியம் கேட்பதாகச் சொன்னீர்களே, அதை உங்கள் பள்ளியில் மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லுங்கள். என் தங்கை மகள் இப்போது பிளஸ் ஒன். அவளும் நோட்டில் சொல் எழுதி வைக்கிறாள்.