மேட்ரிமோனி, மேரேஜ், வெட்டிங்: எத எங்க போடணும்?

திருச்சி_தங்கச்சி:
அக்கா கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டு ஆபீஸ்ல மெயில் போட்டேன், 'மை சிஸ்டர்ஸ் மேட்ரிமோனி இஸ் ஆன் ஃப்ரைடே'னு. லீவு குடுத்துட்டாங்க, ஆனா மேனேஜர் அந்த வார்த்தைய மட்டும் வெட்டிங்னு மாத்தி ஹெச்ஆருக்கு அனுப்பிருக்காரு. வரன் தேடுற வெப்சைட்ல எல்லாம் மேட்ரிமோனினு தானே போடுறாங்க, கல்யாணம்னு தானே அர்த்தம், அப்புறம் என்ன தப்பு? மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

டியூஷன்_டீச்சர்:
இதுக்கு போய் சங்கடப்படாதம்மா, என்கிட்ட படிக்கிற பிள்ளைங்க நெறைய பேரு இப்படித்தான் எழுதுறாங்க. மேட்ரிமோனினா புருஷன் பொண்டாட்டியா வாழுற அந்த நிலை, நம்ம இல்லறம்னு சொல்றோமே கிட்டத்தட்ட அது. மண்டபம் புடிச்சு, நாள் குறிச்சு, தாலி கட்டுறது வெட்டிங். 'எங்க அக்கா இல்லறம் வெள்ளிக்கிழமை'னு யாராவது சொல்லுவாங்களா? மேரேஜ் ரெண்டுக்கும் வரும், சந்தேகம்னா அதையே போடு. லத்தீன்ல மாத்தெர்னா அம்மா, அதுலருந்து வந்தது தான் மேட்ரிமோனி. பாத்தெர்னா அப்பா, அதுலருந்து வந்த பேட்ரிமோனிக்கு அர்த்தம் என்ன தெரியுமா, பரம்பரை சொத்து! அம்மா பேர சொல்லி கல்யாணம், அப்பா பேர சொல்லி சொத்து, இத ஒவ்வொரு தடவ பாடம் எடுக்கும்போதும் எனக்கு கோவம் தான் வருது.

ஞாயிறு_பூசை:
எங்க ஆர்.சி. கோயில் பழைய ஜெபப் புத்தகத்துல மெய்விவாகம்னு இருக்கும், ஏழு தேவதிரவிய அனுமானத்துல (சபையோட புனிதச் சடங்குகள்ல) ஒண்ணு, இங்கிலீஷ்ல அது தான் மேட்ரிமோனி. ஆங்கிலிக்கன் சபையோட 1662 ஜெபப் புத்தகத்துலயும் கல்யாண முறைக்கு 'சாலம்னைசேஷன் ஆஃப் மேட்ரிமோனி'னு தான் தலைப்பு. என் கல்யாணத்துக்கு மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சாங்க, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு கோயில்ல அறிவிச்சாங்க, பேரு கேக்கும்போது கை சில்லுனு ஆயிடுச்சு, அந்த கனம் இந்த வார்த்தையில இருக்கு, லீவு லெட்டருக்கு அது அதிகம்.

கோர்ட்_வாசல்:
கோர்ட்லயும் இது ஓடுது, புகுந்த வீட்ட மேட்ரிமோனியல் ஹோம்னு எழுதுவோம். ஆனா 1955ல வந்த சட்டத்தோட பேரு இந்து மேரேஜ் ஆக்ட், நீங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வாங்குறதும் மேரேஜ் சர்டிபிகேட் தான். அப்புறம் வெட்லாக்னு ஒண்ணு இருக்கு, அதுவும் கல்யாண பந்தம் தான், 'லாக்'னு முடிஞ்சாலும் அதுல பூட்டெல்லாம் கெடையாது, பழைய இங்கிலீஷ்ல 'வெட்'னா குடுத்த வாக்கு.

திருச்சி_தங்கச்சி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பத்திரிகை மேட்டர்லயும் மேட்ரிமோனினு தான் எழுதிக் குடுத்திருக்கேன், நாளைக்கு ப்ரூஃப் வருது, இப்பவே அச்சகத்துக்கு போன் போடுறேன்.