மறு: ‘ட்ரிபிள் த்ரெட்’ - தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலிய நடிகர் ஹியூ ஜாக்மன் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும்போது இடறிய ஆங்கிலச் சொல் ‘ட்ரிபிள் த்ரெட்’ (triple threat). நடிக்க, பாட, ஆட மூன்றும் தெரிந்தவரைக் குறிக்கும் இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று உங்களைக் கேட்டிருந்தேன். இரண்டு நாளில் இத்தனை மறுமொழி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

‘மும்முனை அச்சுறுத்தல்’ என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எல்லையில் படை குவித்த செய்தி மாதிரி இருக்கிறது. ஆனால் அனுப்பியவர் மூலத்தை விட்டு விலகவில்லை. அந்த ஆங்கிலச் சொல் அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தது. பந்தோடு ஓடவும், எறியவும், உதைக்கவும் தெரிந்த ஒரே ஆள் எதிரணிக்கு மூன்று வழியில் ஆபத்து. பிறகு அது மேடைக்கு வந்து, நடிப்பு, பாட்டு, ஆட்டம் மூன்றும் கைவந்தவர் என்றாகிவிட்டது. மேடையில் எதிரணி ஏது? அச்சுறுத்தலை மைதானத்திலேயே விட்டுவிடலாம்.

‘பல்கலைஞர்’ என்றால் ஓவியமும் சிற்பமும்கூட உள்ளே வந்துவிடும். ‘சகலகலாவல்லவர்’ பாராட்டு, கலைச்சொல் அல்ல. ‘முத்தமிழ்க் கலைஞர்’ என்று போட்டால் ஜாக்மன் தமிழ் படித்தவரோ என்று வாசகர் குழம்புவார்.

என் கவலை வேறு. மூன்றும் தனித்தனியே தெரிவது ஒன்று, ஒரே மூச்சில் மூன்றையும் செய்வது இன்னொன்று. ஜாக்மன் 1994-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடிப்புப் படிப்பை முடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மெல்போர்னில் இரண்டு பெரிய இசை நாடகங்கள், 1998-இல் லண்டனில் ‘ஓக்லஹோமா!’ இசை நாடகம். அதற்கெல்லாம் பிறகுதான் 2000-இல் ‘எக்ஸ்-மென்’ படத்தில் வுல்வரின் வேடம். நகத்தை நீட்டிக்கொண்டு உறுமுகிறவராக மட்டும் அவரைத் தெரிந்தவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

2012-இல் வந்த ‘லே மிசராப்ல்’ இசைப் படத்தைப் பாருங்கள். வழக்கமாக முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிவிட்டு, படப்பிடிப்பில் வாயசைப்பார்கள். இங்கே காமிரா ஓடும்போதே பாட வேண்டும். நடிகர் காதுக்குள் சின்னக் கருவி, அதில் கேட்பது கண்ணுக்குப் படாத இடத்தில் வாசிக்கும் பியானோ. நடிகர் தேம்பி நிறுத்தினால் பியானோவும் காத்திருக்கும். ஜாக்மனின் குரல் உடையும் இடத்தில் பாட்டு எங்கே முடிந்தது, நடிப்பு எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது. பின்னணிக் குரலிலேயே வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புதுசுதான். (படத்தில் ஆட்டம் இல்லை என்று யாராவது எழுதுவதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன்.)

ஆகவே என் பரிந்துரை: முத்திறனர். முதல்முறை ‘முத்திறன் கலைஞர்’ என்று விரித்து எழுதலாம். பேச்சில் ‘முத்திரை’ என்று கேட்கும், முத்திரைத்தாள் நினைவு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, ஆனால் கட்டுரை படிக்கத்தானே?

சொல்லைச் சோதிக்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். 2003-இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் ‘தி பாய் ஃப்ரம் ஆஸ்’ இசை நாடகத்தில் ஜாக்மன் ஏற்ற வேடம் பீட்டர் ஆலன். அதற்காக ஜாக்மனுக்கு மறு ஆண்டு, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது. டென்டர்ஃபீல்டில் பிறந்த ஆலனும் ஆஸ்திரேலியர்தான். பாட்டு எழுதுவார், பியானோ வாசிப்பார், மேடையில் துள்ளி ஆடுவார், பாட்டுக்கு ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் 1988 கடைசியில் தானே இசையமைத்து நாயகனாக நடித்த ‘லெக்ஸ் டைமண்ட்’ பிராட்வே நாடகம் இரண்டே மாதத்தில் படுத்துவிட்டது. பாட்டும் ஆட்டமும் இருந்தும் நடிப்பில் வழுக்கிவிட்டார். என் கணக்கில் வேடம் போட்டவர் முத்திறனர். யாருடைய வேடமோ, அவர் இல்லை.

அப்போது ஆலனை என்னவென்று சொல்வது? ‘கேளிக்கையாளர்’ வேண்டாம், கேளிக்கை வரி வாடை அடிக்கிறது. இப்போதைக்கு ‘மேடைக் கலைஞர்’ என்று விட்டிருக்கிறேன்.

கட்டுரையில் இப்படிப் போட்டிருக்கிறேன்: “ஆலனாக நடித்தபோதுதான் ஜாக்மனை ஒரு முத்திறனராக நியூயார்க் கண்டது.” ‘முத்திறனராக’ நாக்கில் இடறுகிறதா என்று வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன்.