டெஸ்டோஸ்டிரோன் 236: ஊசிக்குப் போகலாமா?

மன்னார்குடிக்காரன்: வயது 43, ஐந்து ஏக்கர் நெல். குறுவை அறுவடை முடிந்த கையோடு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று பார்க்கத் தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனை கொடுத்தேன். மாலை நான்கு மணி. வழியில் காபியும் இரண்டு வடையும் ஆகியிருந்தன. முடிவு 236. கீழ் எல்லை 300 என்று தாளில் இருக்கிறது. களைப்பு உண்டு (அறுவடை மாதத்தில் யாருக்குத்தான் இல்லை?), ஆசையும் குறைந்துவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு முயல்கிறோம். மருந்துக்கடைக்காரர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார். போடலாமா?

குடந்தை தம்பி: அண்ணே, அந்த 236-ஐ நம்பாதீர்கள். இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டாலும் இறங்கும். வெறும் வயிற்றில், பத்து மணிக்குள், இரண்டு தனித்தனி நாட்களில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வகக்காரர்: மறுபடியும் குறைந்தால் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) ஹார்மோன்களையும் சேர்த்துப் பாருங்கள். விரையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்வது எல்.எச்.தான். எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விரையில். ஏறாமலிருந்தால் பிட்யூட்டரி பக்கம் தேட வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் ஊசி வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் எல்.எச். அடங்கிவிடும், மேட்டூரை அடைத்தால் கடைமடை காய்வதுபோல விந்தணு உற்பத்தியும் வற்றும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள், கடைக்காரரிடம் அல்ல.

மன்னார்குடிக்காரன்: ஐயா, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில், வடை இல்லாமல் போகிறேன்.