மேடைக்குப் பணம் வந்தது, வடிகாலுக்கு வரவில்லை

ரேஸ் ட்ராக்கிற்கு அரசு மானியம் வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் கிளப்புக்கு விண்ணப்பம் எழுதியவன் நான்தான்.

எங்களுக்கு வேண்டியிருந்தது மூன்றாவது வளைவில் ஒரு வடிகால். மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும். அதில் ஏறிவிட்டால் ஸ்டீயரிங் நம் கையில் இருக்கும், கார் தன் பாட்டுக்குப் போகும். ஆனால் படிவம் கேட்டதெல்லாம் எத்தனை பேர் பார்க்க வருவார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், வெளியூர்க்காரர்கள் எத்தனை இரவு தங்குவார்கள் என்றுதான். சரி என்று பார்வையாளர் மேடை ஒன்றைச் சேர்த்து, வடிகாலைத் 'தளச் சீரமைப்பு' என்ற பெயரில் அதற்குள் நுழைத்தேன். மேடைக்குப் பணம் வந்தது. தளச் சீரமைப்பை அடித்துவிட்டார்கள்.

அப்புறம், மானியத்தோடு கிளப்பும் தன் பக்கமிருந்து போட வேண்டிய பங்கு. பணமாகப் போட முடியாவிட்டால் உழைப்பாகக் காட்டலாம் என்றார்கள். தடுப்புச் சுவருக்காகப் பழைய டயர்களை அடுக்கி, துளை போட்டு, போல்ட் முடுக்கி, முகப்பில் கன்வேயர் பெல்ட் கட்டுவதில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு வியாழக்கிழமை வரை போகாது. தணிக்கைக்கு வந்தவர் டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வருகைப் பதிவேடு எங்கே?" என்றார். இல்லை. அவ்வளவு உழைப்பும் கணக்கில் ஏறவில்லை. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கி வைத்துப் பெயர், நேரம், கையெழுத்து எழுத ஆரம்பியுங்கள்.

* * *

நான் வேலிக்கு அந்தப் பக்கம். ஒரு ட்ராக்கிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் குடியிருக்கிறேன். சத்தம் அதிகம் என்று பல வருஷம் புகார் கொடுத்தோம். தனியார் இடம் என்று கையை விரித்தார்கள். மானியத்துக்கு விண்ணப்பம் போனதும்தான் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒலிமானியை ட்ராக் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள், சாயங்காலக் காற்று எங்கள் பக்கம் அடிக்கும், எங்கள் வாசலிலும் வையுங்கள் என்று சொன்னேன். வைத்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு வண்டி ஓடாது என்பதும் நிபந்தனையானது. பொதுப்பணம் போகக் கூடாது என்று கோஷம் போட்டவள்தான் நான். போனதால்தான் எனக்குக் கேள்வி கேட்கும் இடம் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

* * *

பொதுப்பணம் போனால் பொதுமக்களுக்கும் இடம் கிடைக்கும் என்று அக்கா சொன்னதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட்டில் மவுண்ட் பனோரமா ட்ராக்கை ஒரு செவ்வாய்க்கிழமை வாடகைக் காரில் சுற்றினேன். 6.2 கிலோமீட்டர், ரேஸ் இல்லாத நாளில் அது பொதுச்சாலை, வேக வரம்பு 60. ரேஸ் கார்கள் பறக்கும் ஏற்றத்தில் ஒருவர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். 1930களில் வேலையில்லாதோர் நிவாரணப் பணத்தில் சுற்றுலாச் சாலையாகப் போட்டு 1938இல் திறந்தது. சாலை என்பதால் ரேஸ் இல்லாவிட்டாலும் பயன்படுகிறது.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கும் 1925இல் வேலை கொடுக்கத்தான் தொடங்கியது, 1927இல் திறந்தார்கள். அதே இடத்தில் 2009இல் மாநில அரசின் பணத்தில் கேளிக்கை வளாகம் கட்டினார்கள். அதற்காக வைத்த ரோலர் கோஸ்டர் மொத்தமே சில நாட்கள்தான் ஓடியது. 2012இல் திவால், கொடுத்த உதவியே சட்டவிரோதம் என்று 2014இல் ஐரோப்பிய ஆணையம் சொன்னது. இதையெல்லாம் பார்த்தால், 2017இல் வேல்ஸ் அரசு ஒரு புது ட்ராக்கிற்கு 21 கோடி பவுண்டு உத்தரவாதம் தர மறுத்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை. மேடையைவிட வடிகால் கேட்ட அண்ணன் கட்சிதான் நான்.

* * *

முதலில் எழுதியவன்தான். ஒன்று விட்டுப்போயிற்று. மேடை திறப்பு விழாவன்று நல்ல மழை. வந்த அதிகாரி மேல் வரிசையில் உட்கார்ந்து, "அங்கே என்ன, குளமா?" என்று கேட்டார். மூன்றாவது வளைவு என்றேன். போனை எடுத்து இரண்டு படம் பிடித்துக்கொண்டார். அதே படங்களைக் கேட்டு வாங்கி அடுத்த விண்ணப்பத்தில் ஒட்டியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.